போதையும் நினைவும்

2020-ஆம் ஆண்டு நவம்பரில் தூத்துக்குடிக்குத் தெற்கே நம் கடலோரக் காவல் படையினர் இலங்கைப் படகு ஒன்றை மடக்கி, சுமார் 100 கிலோ ஹெராயினைக் கைப்பற்றினர். அதன் விலையைப் பற்றியே அன்று எல்லோரும் பேசினர். அந்தத் தூள் மூளையில் என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

போதை இன்பத்தில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்குப் பங்குண்டு என்பது பலரும் அறிந்ததே. இன்பம் ஒன்றே காரணமாயின், உடல் நடுக்கமெல்லாம் நின்று பல மாதங்கள் கழிந்தபின் ஒருவர் மீண்டும் அதை ஏன் நாட வேண்டும்? தோணியில் சென்று குடியை மறந்திருந்தவர், கரையிறங்கிப் பழைய கடை வாசலைக் கண்டதும் தடுமாறுகிறார். மனத்திடம் இல்லாதவர் என்று ஊர் சொல்லிவிடுகிறது. உடலியல் கூறும் விடை வேறு.

மூளையில் ஒரு நரம்புச் செல் மற்றொன்றைத் தூண்டும் முதன்மையான தூதுப்பொருள் குளூட்டமேட். (அஜினோமோட்டோவில் இருப்பதும் இதுவே. ஆனால் உண்பது எளிதில் மூளைக்குள் நுழைவதில்லை.) இதனை ஏற்கும் வாயில்களுள் என்.எம்.டி.ஏ. ஏற்பி விந்தையானது. அதன் துளையை மக்னீசியம் ஒரு தக்கைபோல் அடைத்திருக்கும். குளூட்டமேட் வந்து சேரும் வேளையில் அந்தச் செல்லும் கிளர்ச்சியுற்றிருந்தால்தான் தக்கை விலகும், கால்சியம் உள்ளே பாயும், இணைப்பு வலுப்படும். நாம் பாடம் கற்பதற்கும் இவ்வழி தேவை. போதையோ இதே வழியில் கடை வாசலையும் கூட்டாளிகளையும் இன்பத்தோடு பிணைத்துவிடுகிறது. பின்னர் அவற்றைக் கண்டதும் மூளையின் முன்பகுதியிலிருந்து நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்னும் பகுதிக்குக் குளூட்டமேட் பாய்கிறது; வேட்கை எழுகிறது. அமெரிக்க அறிஞர் பீட்டர் கலிவாஸ் முதலியோர் எலிகளைக் கொண்டு இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

1991-இல் கீத் ட்ருஹியோ, ஹூடா அகில் ஆகியோர் இந்த ஏற்பியை அடைக்கும் எம்.கே.-801 என்ற பொருளை மார்பினோடு சேர்த்து எலிகளுக்குச் செலுத்தினர். மார்பினின் வலி நீக்கும் ஆற்றல் கெடவில்லை; எலிகள் அதற்கு அடிமையாவதோ குறைந்தது. அப்படியானால் மனிதருக்கும் கொடுக்கலாமே எனத் தோன்றும். கற்கும் வாயிலையே அடைத்தால் நினைவும் கெடும். மேலும், இதே ஏற்பியை அடைக்கும் கெட்டமின் என்ற மயக்க மருந்தே ஒரு போதைப்பொருளாகிவிட்டது!

இத்தகைய தடைப்பொருள் கடலிலும் உண்டு. நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் கூம்பு வடிவ நத்தைகள் கோனஸ் இனத்தவை. ஓடு அழகானது, கொட்டினால் உயிருக்கே ஆபத்து. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவெராவின் குழுவினர் கோனஸ் ஜியோகிராபஸ் என்ற வகையின் நஞ்சிலிருந்து பிரித்த கோனன்டோகின், என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தடுக்கிறது. எலிக்குஞ்சுகளை அது உறங்க வைப்பதால், பிலிப்பைன்ஸ் மொழியில் தூக்கக் கலக்கத்தைக் குறிக்கும் ‘அன்டோக்’ என்ற சொல்லால் பெயரிட்டனர். இது இன்னும் மருந்தாகவில்லை. ஆனால் கோனஸ் மேகஸ் என்ற மற்றொரு வகையின் நஞ்சைப் பின்பற்றிச் செய்த சிகோனோடைடு, 2004-இல் அமெரிக்காவில் கடும் வலிக்கு மருந்தாக அனுமதி பெற்றது. தண்டுவடத்தில் நரம்பு முனைகள் குளூட்டமேட் முதலியவற்றை வெளியிடுவதை அது குறைக்கிறது. மார்பினைப்போல் அதற்கு எவரும் அடிமையாவதில்லை.