பெட்டியில் அச்சிட்ட எண்ணும் மலையில் பெய்யும் மழையும்

மலையேற்றப் பொருள் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சுவரில் பனிமலைப் படம்தான் இருக்கும். தமிழ்நாட்டின் உயரமான சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். எவரெஸ்ட் அடிவார முகாமே 5,364 மீட்டர். நம் மலைகளில் பனியோ ஆக்சிஜன் குறைவோ பிரச்சினை இல்லை. வியர்வை, மழை, அட்டை, வழுக்குப் பாறை, படம் எடுப்பவர்களுக்குச் சோலைக்காட்டின் இருட்டு, இவைதான் பிரச்சினை. அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கியபின், முதன்முறை மலையேறப் பதிவு செய்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: என்ன வாங்கணும்? கேட்ட இடமெல்லாம் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் இமயமலைக்கு எழுதியவை. அவற்றில் சிலவற்றை இங்கே பார்க்கலாம்.

"கணுக்காலை மூடும் கனமான பூட்டு ஒன்று வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் வரும்"

முதலில் அந்த ஆயுசை எடுத்துக்கொள்வோம். பல பூட்டுகளில் ரப்பர் அடிப்பாகத்துக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே பாலியூரித்தேன் நுரை அடுக்கு ஒன்று இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையின் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைத்துக்கொண்டே இருக்கும். பூட்டு பரணில் சும்மா கிடந்தாலும் இது நிற்காது. சென்னை, நாகர்கோவில் மாதிரி புழுக்கமான ஊர்களில் இன்னும் சீக்கிரம் நடக்கும். வெளியே பார்த்தால் கடையிலிருந்து நேற்று வந்தது போலிருக்கும். சில வருடம் கழித்து எடுத்துப் போட்டு மலையில் நாலு கிலோமீட்டர் நடந்ததும், அடிப்பாகம் ஊட்டி வர்க்கி போல உதிரும். தைத்து ஒட்டினாலும் நிற்காது, ஏனென்றால் கெட்டுப்போனது பசை அல்ல, நுரையே. ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை மலையேறுகிறவர் "நல்லதா ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாம்" என்று பெரிய தொகை கொடுப்பது வீண்செலவு. சாதாரண ஓட்டக் காலணிகளில் பெரும்பாலும் இருக்கும் ஈ.வி.ஏ. நுரைக்கு இந்த நோய் கிடையாது.

அடுத்தது எடை. காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் ஒரு கிலோவைவிடப் பல மடங்கு சக்தியைத் தின்னும். ராணுவ வீரர்களின் பூட்டுகளை வைத்து உடலியல் ஆய்வாளர்கள் இதை அளந்து சொல்லியிருக்கிறார்கள். ஆய்வு வேண்டாம், ஆள் வேண்டும் என்பவர்களுக்கு எம்மா கேட்வுட் இருக்கிறார். 1955-ல், தம் 67-வது வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும், சுமார் 3,300 கிலோமீட்டர், தனியாக நடந்து முடித்தவர். காலில் போட்டிருந்தது சாதாரண கேன்வாஸ் ஷூ. தோளில் தாமே தைத்த துணிப்பை. இங்கே வெள்ளியங்கிரி ஏழு மலையையும் வெறுங்காலோடு ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்த நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.

தண்ணீர் புகாத பூட்டு என்பது இன்னொரு கவர்ச்சி. ஓடையில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினால் மேல்வழியாக உள்ளே போகும். போன தண்ணீர் வெளியேற வழியில்லை. வலைத்துணி ஷூவில் வந்த வழியே வெளியே போய்விடும், நடக்க நடக்கக் காய்ந்தும் விடும்.

ஷூ வாங்க மாலையில் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலைக்குப் போடப்போகும் சாக்ஸையே போட்டுக்கொண்டு, லேஸ் கட்டுமுன் விரல்கள் முன்னால் முட்டும்வரை காலைத் தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைந்தால் அளவு சரி. நுழையாவிட்டால் இறக்கத்தில் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகும். அடிப்பாக ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள்: கல் மாதிரி இருந்தால் ஈரப்பாறையில் வழுக்கும். கொஞ்சம் கொடுக்கும் ரப்பர் சீக்கிரம் தேயும், ஆனால் பிடிக்கும். பாசி படிந்த பாறையில் எந்த விலை ஷூவும் பிடிக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இருபது கிலோ மூட்டையோடு பனியில் பல நாள் நடக்கப் போகிறவருக்கும், ஏற்கெனவே கணுக்கால் பிசகியவருக்கும் பூட்டு தேவைதான். ஆனால் அட்டைக்குப் பயந்து உயரமான பூட்டு வாங்காதீர்கள். அட்டை பூட்டின் மேலே ஏறி சாக்ஸின் பின்னல் இடுக்கு வழியாகவும் ரத்தம் குடிக்கும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை தைத்த உறைதான் அதைத் தடுக்கும். காடாத் துணியைக் கொடுத்தால் தெருமுனை டெய்லரே தைத்துத் தருவார்.

"பத்தாயிரம் மில்லிமீட்டர் ஜாக்கெட் போட்டால் நனையவே மாட்டோம்"

வெளியிலிருந்து நனைய மாட்டீர்கள், உள்ளிருந்து நனைவீர்கள். அந்த 10,000 மி.மீ. என்பது துணி எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்ற கணக்கு. வியர்வை வெளியேறுவது வேறு சங்கதி. இந்த ஜாக்கெட்டுகளின் உள்ளே இருக்கும் மெல்லிய படலம் நீராவியை வெளியே விடும். ஆனால் உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது வேகமாக வேலை செய்யும். குளிர்ந்து காய்ந்த பனிமலைக் காற்றில் பிரமாதமாகச் செய்யும். ஜூலை மாத வால்பாறையில் வெளிக்காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கும்போது நீராவி எங்கே போகும்? அரை மணி நேர ஏற்றத்தில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதிக விலைப் படலமும் இந்த இயற்பியலை மீறாது.

அதே வால்பாறையில் மழையில் கொழுந்து பறிக்கிறவர்கள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்கலாம். கீழே திறந்திருப்பதால் காற்று உள்ளே போய்வரும். மலைக்கு வருகிறவருக்கு அதன் இணை, பையையும் சேர்த்து மூடும் போன்ச்சோ. ஜாக்கெட் விலையில் சிறு பங்குதான். பாதை அகலமாக இருந்தால் குடைகூட நல்ல கருவி; கேமராவைப் பிடிப்பவருக்கு அதைவிட நல்லது இல்லை. கொழுக்குமலை மாதிரி காற்று வீசும் விளிம்புகளில் மட்டும் இரண்டும் பயன்படாது. அங்கே மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று போதும். உள்ளே திருப்பூர் பாலியெஸ்டர் விளையாட்டு பனியன். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். நனைந்தால் கனக்கும், தொடையை உரசிப் புண்ணாக்கும், மாலைவரை காயாது.

"பைக்கு ரெயின் கவர் போட்டாயிற்று"

முதுகுப் பக்கம் திறந்துதானே இருக்கிறது? கழுத்து வழியாக ஓடும் தண்ணீர் அங்கேதான் இறங்கும். தடிமனான பாலித்தீன் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, பொருள்களை அதற்குள் வைத்து, வாயை முறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பாலித்தீன் பையை மலையில் விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

"4கே எடுக்கும் ஆக்‌ஷன் கேமரா இல்லாமல் மலை வீடியோ எடுக்க முடியாது"

விளம்பரத்தில் வரும் ஆக்‌ஷன் கேமரா காட்சிகள் எல்லாம் கடல், பாலைவனம், பனிச்சரிவு. அங்கே வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. நம் பாதைகளில் பாதி, பகல் பதினோரு மணிக்கும் மங்கலாக இருக்கும் மரநிழலில் போகிறது. ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் பொதுவாக எஃப் 2.5 அளவு, நடுத்தர விலை போன்கள் பலவற்றின் பிரதான லென்ஸ் எஃப் 1.8. கணக்குப் போட்டால் போன் லென்ஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். நிழலில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. நடந்துகொண்டே எடுத்த காட்சியை அசைவில்லாமல் காட்ட, கேமரா ஒவ்வொரு சட்டகத்தையும் வெட்டி நகர்த்திச் சரிசெய்கிறது. சட்டகம் ஒவ்வொன்றும் கூர்மையாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். இருட்டில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நீளும். காலடி வைக்கும் அதிர்ச்சி சட்டகத்துக்குள்ளேயே கலங்கலாகப் பதியும். மென்பொருள் சட்டகத்தை நிலைநிறுத்திவிடும், கலங்கலை எடுக்காது. விளைவு, அசையாத காட்சியில் காலடிக்கு ஒரு தரம் படம் மங்கித் தெளியும். பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். இன்னும் விலை கூடிய மாடல் வாங்கித் தீர்க்கும் விஷயமல்ல இது. விநாடிக்கு 60 சட்டகத்தை 30 ஆகக் குறைத்து, நின்று பத்து விநாடி எடுத்தால் தீரும். சோலைக்குள் நடந்துகொண்டே எடுப்பதை விட்டுவிடுங்கள். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கிறார்களே மூங்கில் தடி, அதன் தலையில் ஒரு போன் பிடிப்பானைக் கட்டினால் ஒற்றைக்கால் தாங்கியும் ஆயிற்று, இறக்கத்தில் முழங்காலுக்குத் துணையும் ஆயிற்று. கார்பன் தடிக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

ஆக்‌ஷன் கேமரா தேவைப்படும் இடங்களும் உண்டு: அருவி, கொட்டும் மழை, மார்பில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் பாறை ஏறும் இடம். இவை உங்கள் பயணத்தில் அடிக்கடி வந்தால் வாங்குங்கள். வாங்கும்போது நினைவக அட்டையின் கணக்கையும் போடுங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஓடும். நினைவக அட்டையின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 200 எம்.பி. என்பது படிக்கும் வேகம். உங்களுக்கு வேண்டியது பதியும் வேகம். 'வி30' என்ற சிறிய முத்திரைதான் விநாடிக்கு 30 எம்.பி.க்குக் குறையாமல் பதியும் என்ற உத்தரவாதம். பாதி விலைக்குக் கிடைக்கும் 512 ஜி.பி. அட்டைகளில் போலி அதிகம். உண்மைக் கொள்ளளவு தீர்ந்ததும் பழைய காட்சியின் மேலேயே புதியது ஏறும், கேமரா ஒன்றும் சொல்லாது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் வீட்டிலேயே முழு அட்டையையும் ஒரு தடவை நிரப்பிச் சோதித்துவிடுங்கள்.

மிச்சமான பணத்தில் ஒரு பங்கை ஒலிக்குக் கொடுங்கள். காட்சி சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள். காற்று 'புர்ர்' என்று அடித்தால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். மைக்கோடு வரும் கறுப்புப் பஞ்சு உறை பேச்சின் மூச்சுக்காற்றுக்குத்தான் ஆகும். மலைக்காற்றுக்கு மயிரடர்ந்த உறை வேண்டும். அதன் விலை ஒரு வேளை பிரியாணி அளவுதான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுவதற்கு அந்தச் செலவும் தேவையில்லை.

"இருபதாயிரம் எம்.ஏ.ஹெச்., ஒரு லட்சம் லூமென்"

பவர் பேங்கைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். முன்பக்கம் 10,000 என்றிருந்தால் பின்பக்கம் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று 6,000-ஐ ஒட்டிய எண் இருக்கும். இது ஏமாற்று அல்ல: முதல் எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, இரண்டாவது வெளியே வரும் 5 வோல்ட்டின் கணக்கு, வழியில் ஆகும் விரயம் போக. 5,000 எம்.ஏ.ஹெச். போனை ஒரு முறைக்குச் சற்று மேல் நிரப்பும். ஒருநாள் பயணத்துக்கு அது தாராளம். இரண்டாவது எண்ணே அச்சிடாத பவர் பேங்கை வாங்க வேண்டாம்.

டார்ச் விஷயத்தில் மட்டும் அப்பட்டமான பொய் ஓடுகிறது, வெளிச்சத்தைச் சொல்லும் லூமென் எண்ணிலும் உள்ளே போடும் பேட்டரியின் எண்ணிலும். டார்ச்சுக்குள் போடும் ஒற்றை 18650 செல்லில் நல்ல கம்பெனியாலேயே சுமார் 3,600 எம்.ஏ.ஹெச்.தான் அடைக்க முடிகிறது; '9,900' என்று எழுதிய செல்லைத் தொடவே தொடாதீர்கள். விடிகாலை ஏற்றத்துக்கு நெற்றியில் கட்டும் 200 லூமென் விளக்கு போதும்.

"ஐ.பி.68 போன், பயமில்லை, நனைந்தால் அரிசி டப்பா"

ஐ.பி.68 என்ற தண்ணீர்த்தடுப்புச் சோதனை புது போனில், அசையாத நல்ல தண்ணீரில் செய்தது. ஒருமுறை கீழே விழுந்து விளிம்பு லேசாகப் பிரிந்த போனுக்கு அது பொருந்தாது. அரிசி ஈரத்தை இழுக்கும் வேகம் வெறும் காற்றோட்டத்தைவிட மேல் இல்லை. சார்ஜ் துளைக்குள் தூசும் மாவும் போவதுதான் மிச்சம். மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போனையும் கேமராவையும் போட்டு வைத்தால், லென்ஸில் பூஞ்சை பிடிப்பதும் தடைபடும். ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பூக்கும் பனியைத் துடைக்காதீர்கள், திரும்பத் திரும்ப வரும். பத்து நிமிடம் பைக்குள்ளேயே வைத்திருந்து எடுங்கள்.

"249 கிராம் ட்ரோனுக்கு அனுமதி வேண்டாம்"

பாதி உண்மை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையிலான நேனோ ட்ரோனுக்கு விமானி உரிமம் வேண்டாம். ஆனால் எங்கே பறக்கலாம் என்பதை எடை தீர்மானிப்பதில்லை. சரணாலயத்திலும் புலிகள் காப்பகத்திலும் படமெடுக்க வனத்துறை தனியாக அனுமதி தர வேண்டும். மலையேறக் கொடுத்த டிக்கெட்டில் அது சேர்த்தியில்லை. அதோடு, வெளிநாட்டில் முழுதாகத் தயாரான ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி முதல் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டுமே விலக்கு. 'சிங்கப்பூர் பீஸ்' என்று பில் இல்லாமல் விற்கும் ட்ரோன் பழுதானால் யாரிடம் போய் நிற்பீர்கள்? முதல் பயணத்துக்கு ட்ரோனைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவது என் சிபாரிசு.

"இரண்டாம் கைப் பொருள் ஆபத்து"

எதை என்பதைப் பொறுத்தது. முன்னர் சொன்ன நுரைக் காரணத்தால் பழைய பூட்டு வேண்டவே வேண்டாம். தடி, பை, கூடாரம், ஆக்‌ஷன் கேமரா ஆகியவை தாராளமாக வாங்கலாம். கூடாரத்தை விரித்து உள்பக்கம் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடித்து, கை ஒட்டினால், தண்ணீர் தடுக்கும் பூச்சு செத்துவிட்டது. கேமராவில் மூன்று இடம்: பேட்டரி கதவின் ரப்பர் விளிம்பில் கீறல், லென்ஸ் கண்ணாடியில் கோடு, பேட்டரி உப்பல். பேட்டரி கூட்டைவிட்டு வெளியே வர அடம்பிடித்தால் உப்பத் தொடங்கிவிட்டது. புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.