வீட்டுத் தரகில் திரும்பி வரும் பணம் வருமானமா?

கழிவு என்றால் என்ன என்று வணிகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. துவரம்பருப்பு மூட்டைக்கு மொத்த வியாபாரி பில்லிலேயே கழிவு போட்டால் கொள்முதல் விலை குறைகிறது. அதை யாரும் தனி வரவாக எழுதுவதில்லை. ஆனால் பெரம்பலூரிலோ அரியலூரிலோ நாம் வீடு வாங்கி, தரகர் தமது தரகில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தால் மட்டும், இதற்கு வருமான வரி உண்டோ என்ற ஐயம் எழுகிறது.

இதுவும் விலைக் குறைவே; வருமானமன்று. அமெரிக்க வருவாய்த் துறையும் 2007இல் அளித்த கடித விளக்கம் ஒன்றில் இவ்வாறே கூறியது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது, நியாயம் ஒன்றுதான்.

துறைமங்கலத்தில் 30 இலட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்குவதாகக் கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக ரூ.2,70,000. தரகு ரூ.60,000. அதில் தரகர் ரூ.20,000 திருப்பித் தருகிறார். வீட்டின் அடக்கம் ரூ.33,30,000 அன்று, ரூ.33,10,000. அந்த ஆண்டு இதற்கு வரி ஏதுமில்லை. பின்னாளில் விற்கும்போது இலாபம் ரூ.20,000 கூடுதலாகத் தெரியும். இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் வந்த 12.5 சதவீத வீதப்படி அதற்கு வரி ரூ.2,500, செஸ் தனி. இதற்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கழிவைக் காட்டிக் கிரயப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதக் கூடாது. விற்றவருக்குக் கொடுத்தது முழு 30 இலட்சம்.

தொல்லை வருவது காகிதம் இல்லாதபோதுதான். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஓராண்டில் சும்மா வந்த பணம் ரூ.50,000க்கு மேற்பட்டால் முழுவதும் வருமானமாகிவிடும். தரகர் கொடுத்தது இனாம் அல்ல என்று நாம்தான் காட்ட வேண்டும். எனவே தரகை வங்கி வழியாகக் கொடுத்து, திரும்பி வருவதையும் வங்கி வழியாகவே பெறுக. எந்தச் சொத்துக்கான தரகு, எவ்வளவு திரும்பியது என்று தரகரிடம் எழுதி வாங்குக.

குடியிருக்கும் வீட்டுக்குத் தந்த தரகைக் கடைச் செலவில் பற்று எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது செல்லாது. கடைக்கென்று கிடங்கு வாங்கினாலோ, கட்டிடத்துக்குத் தேய்மானம் கோரும்போது பிறர் ஏற்றுக்கொண்ட தொகையைக் கழித்த அடக்கத்தையே கொள்ள வேண்டும்.

கடையில் உட்கார்ந்தபடியே வேறொருவருக்கு வீடு முடித்துக் கொடுத்து, அதற்காகத் தரகரிடம் பங்கு வாங்குவோரும் உண்டு. அது கழிவே அல்ல, கமிஷன். ரூ.5,000 ஆனாலும் அவ்வாண்டு வருமானத்தில் காட்டியாக வேண்டும்.