குடோனை நவீனமாக்குவது எப்படி? முதல் செலவிலிருந்து மூன்றாம் மாதம் வரை: முழுமையான வழிகாட்டி

குடோனை நவீனமாக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் செய்வது மென்பொருள் விற்பவருக்கு போன் போடுவதுதான். அந்த போனை ஒரு மாதம் தள்ளிப்போடுவோம். அதற்குள் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதிக்குக் காசும் தேவையில்லை.

பேச வசதியாக ஒரு கற்பனைக் குடோனை எடுத்துக்கொள்வோம். இடம் கோயம்புத்தூர், வியாபாரம் மோட்டார், பம்ப் உதிரிபாக விநியோகம். 5,000 சதுர அடி, தகரக் கூரை, 3,000 வகைப் பொருள்கள், ஏழு பேர் வேலை செய்கிறார்கள். கணக்கு டேலியில் இருக்கிறது. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது மட்டும் ஸ்டோர் கீப்பர் அண்ணனுக்குத்தான் தெரியும். அவர் ஊருக்குப் போனால் பாதி ஆர்டர் நின்றுவிடும். நாம் தீர்க்கப்போகும் பிரச்சினை இதுதான்.

முதலில் என்ன? அளப்பது மட்டும்

ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பில்லுக்குச் சரக்கு எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை பில்லில் தவறான பொருள் போகிறது, கணினியில் இருப்பு காட்டியும் தேடிக் கிடைக்காத பொருள்கள் எத்தனை என்று இந்த மூன்றையும் தினமும் எழுதுவோம். மூன்று மாதம் கழித்து, போட்ட பணம் வேலை செய்ததா என்று கேட்க இந்த எண்கள்தான் கையில் இருக்கும்.

எடுப்பவருடன் ஒரு நாள் கூடவே நடந்து பாருங்கள். அவர் நேரத்தில் பெரும்பகுதி பொருளைக் கையில் எடுப்பதில் போகாது, நடப்பதிலும் தேடுவதிலும்தான் போகும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவே.

இடத்துக்கு விலாசம் தருவோம்

அடுத்தது களைதல். ஓராண்டாக நகராத சரக்கு, உடைந்தது, திரும்பி வந்து மூலையில் கிடப்பது எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்குவோம். விற்கக்கூடியதைத் தள்ளுபடியில் தள்ளிவிடலாம். மிச்சத்தைக் கணக்கில் எழுதித் தள்ளுவது பற்றி ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வோம்.

பிறகு ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு விலாசம். தெரு, வீட்டு எண், மாடி, கதவு என்று ஊரில் வைத்திருக்கிறோமே, அதே முறைதான். ‘பி-04-2-06’ என்றால் பி வரிசை, 4ஆம் ரேக், கீழிருந்து 2ஆம் தட்டு, 6ஆம் பெட்டி. தட்டை எப்போதும் கீழிருந்தே எண்ண வேண்டும். நாளை மேலே ஒரு தட்டு கூட்டினாலும் பழைய எண்கள் அப்படியே இருக்கும். ஒற்றை எண் ரேக்குகள் இடப்பக்கம், இரட்டை எண் வலப்பக்கம் என்று வைத்தால் புதிதாக வந்தவரும் ஒரே நாளில் பழகிவிடுவார்.

எந்தப் பொருளை எங்கே வைப்பது? கடந்த 12 மாத பில்களை டேலியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பொருளும் எத்தனை பில்லில் வந்தது என்று வரிசைப்படுத்துவோம். இங்கே பலர் ரூபாய் மதிப்பை வைத்து அடுக்கிவிடுகிறார்கள். விலை உயர்ந்த மோட்டார் மாதம் இரண்டு போகலாம், சின்ன ஆயில் சீலை ஒரு நாளில் இருபது முறை எடுக்க வேண்டியிருக்கலாம். காலை நோகவைப்பது ஆயில் சீல்தான். அடிக்கடி எடுக்கும் ஐந்தில் ஒரு பங்கு பொருள்களை பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலான உயரத்தில் வைப்போம். கனமானவை அடித்தட்டுக்குப் போகட்டும்.

இன்னொன்று. பார்க்க ஒரே மாதிரி இருப்பவற்றை அடுத்தடுத்து வைக்கக் கூடாது. 6203 பேரிங்கும் 6204 பேரிங்கும் உள்விட்டத்தில் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஒன்று 17, மற்றொன்று 20. எண் வரிசைப்படி அழகாக அடுக்கினால் அவசரத்தில் கை மாறும். அழகு போனாலும் பரவாயில்லை, பிரித்தே வைப்போம்.

இந்த வேலை முடிந்ததுமே தேடும் நேரம் குறைவது கண்ணுக்குத் தெரியும். ஒரு கருவிகூட இன்னும் வாங்கவில்லை!

லேபிளும் ஸ்கேனரும்

லேபிள் பிரிண்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெப்பத்தால் தாளையே கறுக்கச் செய்யும் நேரடி வகை, மற்றொன்று ரிப்பன் போட்டு அச்சிடும் வகை. முதலாவது மலிவு, கூரியர் ஸ்டிக்கருக்குச் சரி. ஆனால் தகரக் கூரையின் கீழ் ஒரு கோடை தாண்டினால் எழுத்து மங்கும், தாள் கறுக்கும். ரேக்கில் ஒட்டும் லேபிளுக்கு ரிப்பன் வகையே வேண்டும்.

கோட்டு பார்கோடா, கியூஆர் கோடா? ரேக்குக்குக் கியூஆர் நல்லது. சின்ன இடத்தில் அடங்கும், கொஞ்சம் கிழிந்தாலும் அழுக்கானாலும் படிக்கும். 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் அதை உருவாக்கியதே வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கத்தான். டீக்கடையில் பணம் கட்ட வந்தது பிற்பாடு.

தயாரிப்பாளரின் பார்கோடு ஏற்கெனவே இருக்கும் பெட்டிகளுக்குப் புது லேபிள் வேண்டாம், அதையே பயன்படுத்துவோம். (890 என்று தொடங்கினால் அது ஜிஎஸ்1 இந்தியா வழங்கிய எண். இந்தியாவில் செய்த பொருள் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.) ஒரு பொறி மட்டும் இருக்கிறது: பத்து உருப்படி கொண்ட வெளிப்பெட்டியின் கோடும் உள்ளே இருக்கும் ஒற்றைப் பெட்டியின் கோடும் பல சமயம் வேறுவேறாக இருக்கும். இரண்டையும் அளவோடு பதிவு செய்யாவிட்டால், பத்து வந்ததை ஒன்று என்று கணினி எழுதிக்கொள்ளும்.

மென்பொருள்: இப்போது போன் போடலாம்

புதியதை வாங்குமுன் டேலியிலேயே குடோன், பேட்ச் வாரியாக இருப்பு வைக்கும் வசதியை முழுதாகப் பயன்படுத்துகிறோமா என்று பார்ப்போம். தட்டு வரை விலாசமும் கையில் பிடித்து ஸ்கேன் செய்யும் வசதியும் வேண்டுமென்றால் ஜோஹோ இன்வென்டரி, ஓடூ, இஆர்பிநெக்ஸ்ட் போன்றவற்றைப் பார்க்கலாம். கடைசி இரண்டுக்கும் திறமூலப் பதிப்பு உண்டு. மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் அதை நிறுவிப் பராமரிப்பவருக்குக் கூலி உண்டு.

விற்பவரிடம் சில கேள்விகள்: வைஃபை நின்றால் ஸ்கேனர் வேலை செய்யுமா? திரையில் தமிழும் இந்தியும் வருமா? நாளை உங்களை விட்டுப் போனால் எங்கள் தரவை எக்செல்லில் எடுத்துக்கொள்ளலாமா? விற்பவரின் மாதிரித் தரவில் எல்லாம் அருமையாகத்தான் ஓடும். நம்முடைய நூறு பொருள்களை வைத்து இரண்டு வாரம் ஓட்டிக் காட்டச் சொல்வோம்.

உண்மையான சோதனை பொருள் பட்டியலில்தான். ஒரே பேரிங் ஒரு கம்பெனி பெட்டியில் ‘6203 இசட்இசட்’ என்றும் இன்னொன்றில் ‘6203-2இசட்’ என்றும் இருக்கும். இரண்டும் இருபுறமும் உலோக மூடி கொண்ட ஒரே வகைதான். ‘2ஆர்எஸ்’ என்றிருந்தால் ரப்பர் மூடி, அது வேறு. எதை எதோடு சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்று மென்பொருளுக்குத் தெரியாது, அதை விற்க வந்த பையனுக்கும் தெரியாது. ஸ்டோர் கீப்பர் அண்ணனுக்குத் தெரியும்.

ஆட்கள்: பணம் போட வேண்டிய முதல் இடம்

ஆகவே அவரைத்தான் இந்த வேலைக்குத் தலைவராக்க வேண்டும். இடத்துக்கு எண் வைப்பது, பட்டியலைத் திருத்துவது, மென்பொருளைச் சோதிப்பது எல்லாம் அவர் கையெழுத்தோடு நடக்கட்டும். சம்பளத்தையும் சேர்த்து உயர்த்துங்கள். தலையில் இருப்பதையெல்லாம் கணினிக்குக் கொடுத்துவிட்டால் நம்மை அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு நியாயமாகவே இருக்கும். யாருடைய வேலையும் போகாது என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

இதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் ஃபாக்ஸ்மேயர். அங்கே முன்னணி மருந்து விநியோக நிறுவனங்களில் ஒன்று. 1990களில் புதிய மென்பொருளையும் ஓஹயோவில் ஒரு தானியங்கிக் கிடங்கையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்தது. மென்பொருளால் ஆர்டர் அளவைத் தாங்க முடியவில்லை. மூடப்படவிருந்த பழைய கிடங்குகளின் தொழிலாளர்கள் மனம் வெறுத்துப்போனார்கள், சரக்கு சேதமானது, ஆர்டர்கள் தேங்கின. 1996இல் நிறுவனம் திவாலானது.

பயிற்சி வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு நடக்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம், இரண்டு வாரம். ஒடிசா, பீகார் தம்பிகள் இருந்தால் பொருளின் படம் திரையில் வரும்படி செய்வது மொழிச் சிக்கலைப் பாதியாக்கும். ஸ்கேனர் யார், எப்போது, எதை எடுத்தார் என்று எல்லாம் பதிவு செய்யும். முதல் மூன்று மாதம் அந்தப் பதிவை வைத்து யாரையும் திட்டாதீர்கள். திட்டினால் ஸ்கேன் செய்யாமலே சரக்கு எடுக்கத் தொடங்குவார்கள், இருப்பு மறுபடி குழம்பும்.

புதிய ஆள் வேண்டுமென்றால் தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தைப் பாருங்கள். உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. கிடங்கு வேலைகளுக்கான பயிற்சித் தரங்களை வகுக்கும் லாஜிஸ்டிக்ஸ் துறை திறன் கவுன்சில் சென்னையில்தான் இருக்கிறது. அப்படியே பேக்கிங் மேசைக்கு நாற்காலியும் வாங்கிவிடுங்கள். ஊழியர்களுக்கு இருக்கை தருவதைத் தமிழ்நாடு 2021இல் சட்டத்திருத்தம் மூலம் கட்டாயமாக்கியது.

இயந்திரம் வாங்கலாமா?

கையால் இழுக்கும் பாலட் டிரக் ஒன்று, உடனே வாங்கலாம். ஃபோர்க்லிஃப்டுக்கு அவசரம் வேண்டாம். அது திரும்பவே ஏறக்குறைய மூன்றரை மீட்டர் பாதை வேண்டும், 5,000 சதுர அடியில் அதற்காகப் பல ரேக்குகளை இழக்க நேரும். பேட்டரி ஸ்டாக்கர் வாங்கினால், லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் காற்றோட்டமான மூலை ஒன்று ஒதுக்க வேண்டும். வாங்குமுன் லோடுமேன்களிடம் பேசிவிடுங்கள். கூலி டன்னுக்கா நாளுக்கா என்ற பேச்சு, இயந்திரம் வந்து இறங்கிய பிறகு தொடங்கினால் கசப்பாகிவிடும்.

ரோபோவா? கிவா என்ற ரோபோ நிறுவனத்தை 2012இல் 77.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது அமேசான். அது அவர்கள் கணக்கு.

எவ்வளவு ஆகும்?

கீழே இருப்பவை தோராயமான தொகைகள். மூன்று கடையில் விலை கேட்டுக்கொள்வோம். ரிப்பன் லேபிள் பிரிண்டர் 15,000 ரூபாய், லேபிளும் ரிப்பனும் 10,000, கையடக்க ஸ்கேனர் மூன்று சேர்த்து ஒரு லட்சம், வைஃபை 20,000, பிளாஸ்டிக் பெட்டிகளும் ரேக் பழுதும் 40,000. இதோடு பயிற்சி, ஓவர்டைம், ஸ்டோர் கீப்பரின் சம்பள உயர்வு என்று குறைந்தது 65,000 தனியாக ஒதுக்குவோம். மொத்தம் இரண்டரை லட்சம். பாலட் டிரக்கும் மென்பொருளின் ஆண்டுச் சந்தாவும் இதற்கு மேல். பட்ஜெட் இடித்தால் ஸ்கேனரை மூன்றிலிருந்து இரண்டாக்குங்கள், பயிற்சியில் கை வைக்க வேண்டாம்.

ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இந்தக் கருவிகளுக்குக் கட்டும் வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். பில் கம்பெனி பெயரில் இருக்கட்டும்.

எச்சரிக்கை: மாறும் நாளைத் தேர்ந்தெடுப்பது

1999இல் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம், ஹாலோவீன் விற்பனை நெருங்கும் வேளையில் புதிய கணினி முறைக்கு மாறியது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. நமக்கு ஹாலோவீன் இல்லை, ஆனால் தீபாவளி, மார்ச் கணக்கு முடிப்பு, பம்ப் வியாபாரத்துக்குக் கோடை இருக்கின்றன. நம் குடோனுக்குத் தீபாவளி முடிந்த கார்த்திகை வசதி.

சனிக்கிழமை மாலை ஷட்டரை இறக்கி, ஞாயிறு முழுவதும் எண்ணி, திங்கள் புதிய முறையில் தொடங்குவோம். இரண்டு வாரம் பழைய நோட்டும் கூடவே ஓடட்டும். இரட்டை வேலைதான், முணுமுணுப்பு வரும். டீயும் ஓவர்டைமும் கொடுத்துச் சமாளிப்போம்.

அதற்குப் பிறகு

ஆண்டுக்கொரு முறை ஸ்டாக் எடுக்கும் திருவிழா இனி வேண்டாம். வேகமாக நகரும் 600 பொருள்களைக் காலாண்டுக்கு ஒரு முறையும், மற்ற 2,400 பொருள்களை ஆண்டுக்கு ஒரு முறையும் எண்ணினால் வருடத்துக்கு 4,800 எண்ணிக்கை. 300 வேலை நாளுக்குப் பிரித்தால் தினம் 16 பொருள். காலையில் முதல் லாரி வருமுன் முடிந்துவிடும்.

மூன்றாம் மாதக் கடைசியில் அந்த முதல் வார நோட்டைத் திறப்போம். மூன்று எண்களும் குறைந்திருந்தால் பேட்டரி ஸ்டாக்கருக்கு விலை கேட்கலாம். குறையவில்லை என்றால் புதிதாக எதையும் வாங்காமல், எடுப்பவருடன் இன்னொரு நாள் நடந்து பாருங்கள்.