142-இல் ஒன்று

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை. ஆனால் அவள் வயிற்றில் இருந்தபோது வந்த டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டில் 'ஹை ரிஸ்க்' என்று சிவப்பில் போட்டிருந்தது. பக்கத்தில் 1:142 என்று ஓர் எண். குழந்தை நல்லபடியாகப் பிறந்ததும் எங்கள் தெருவில் கதை கிளம்பிவிட்டது: "அந்த ரிப்போர்ட்டே தப்பாம். சும்மா பயமுறுத்திக் காசு புடுங்கியிருக்காங்க." கதை கீரமங்கலம் பூ மார்க்கெட் வரை போனது. அதை நம்பி, சொந்தக்காரப் பெண் ஒருத்தி தனக்கு எழுதிக் கொடுத்த டெஸ்டை எடுக்காமலே விட்டுவிட்டாள் என்று காதில் விழுந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரிப்போர்ட் தப்பு இல்லை. இந்த எண் வருகிற 142 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்றுதான் அது சொன்னது. நான் மற்ற 141 பேரில் ஒருத்தி.

இது எனக்குப் புரியவே நாளாயிற்று. லேபிலிருந்து பிடிஎஃப் நேராக வாட்ஸ்அப்பில் வந்தது, அதுவும் சனிக்கிழமை சாயங்காலம். டாக்டரைப் பார்க்க முடியாது, சிவப்பு எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரத்தம் கொடுக்கும்போதே "ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்புங்க, அவங்க முன்னாடி பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிடுவது நல்லது. சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிற என் கணவர்தான் அன்று ராத்திரி போனில் முதல் உருப்படியான வார்த்தை சொன்னார்: "கணக்குப் போட்டுப் பாரு. நூத்துக்கு ஒண்ணுகூட வரலையே." உண்மைதான், 0.7 சதவீதம். 'ஹை' என்ற வார்த்தைக்கும் 0.7 என்ற எண்ணுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்!

திருச்சியில் பார்த்த டாக்டரம்மா இன்னும் எளிதாகச் சொன்னார். நார்த்தாமலை திருவிழாவில் உங்களைப் போல இதே எண் வந்த 142 மாசமான பெண்களை வரிசையாக நிற்க வைத்தால், ஒருத்தியின் குழந்தைக்கு இருக்கும், மற்றவர்களுக்கு இருக்காது. அந்த ஒருத்தி யார் என்று இந்த ரத்த டெஸ்டுக்குத் தெரியாது என்றார்.

எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் என்.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். குழந்தையின் பிடரித் தோலுக்கு அடியில் தேங்கியிருக்கும் நீரின் தடிமனை அளக்கிற ஸ்கேன் அது. கூடவே ரத்தத்தில் இரண்டு பொருட்களைப் பார்ப்பார்கள், அதுதான் டபுள் மார்க்கர்: பேப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. டவுன் சிண்ட்ரோம் உள்ள கருவைச் சுமக்கிறவர்களுக்குப் பொதுவாக முதலாவது குறைந்தும் இரண்டாவது கூடியும் இருக்கும். இவற்றோடு தாயின் வயதையும் எடையையும் சேர்த்து கம்ப்யூட்டர் ஒரு கணக்குப் போடும். பல லேப்களில் 1:250 என்பதுதான் கோடு. 1:240 வந்தால் சிவப்பு, 1:260 வந்தால் பச்சை. இரண்டு பெண்களுக்கும் நிலைமை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆயிரம் பேருக்கு இந்த டெஸ்ட் எடுத்தால் சுமார் 50 பேருக்குச் சிவப்பு வரும். அவர்களில் உண்மையில் பாதிப்புள்ள குழந்தை ஒன்றோ இரண்டோதான்.

அதனால் ரிப்போர்ட் கையில் வந்ததும் எண்ணைப் பார்க்கும் முன் மேலே இருக்கிற விவரங்களைப் பாருங்கள். பிறந்த தேதி சரியா? ரத்தம் எடுத்த அன்றைய எடைதானா? வாரக் கணக்கைக் கடைசி மாதவிலக்கை வைத்துப் போட்டார்களா, ஸ்கேன் அளவை வைத்தா? சர்க்கரை, இரட்டைக் குழந்தை, டெஸ்ட் டியூப் முறை என்று ஏதாவது இருந்தால் அதைக் குறித்திருக்கிறார்களா? இதில் ஒன்று மாறினாலும் எண் மாறும். எனக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எண் அப்படியே நின்றது.

வீட்டில் நடந்தது வேறு பரிசோதனை. யார் குடும்பத்திலிருந்து வந்தது என்று விசாரணை! நான் கட்டியது அத்தை மகனை. "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்" என்று ஒரு பெரியம்மா. கிரகணத்தன்று வெளியே வந்தேனா என்று இன்னொருவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்த ஊர் எங்கள் புதுக்கோட்டை. அந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் கிரகணக் கணக்குதான். டவுன் சிண்ட்ரோம் என்பது 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது. பிரான்சில் லெஜூனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1959-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இது பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது தற்செயலாக நேர்வது. சொந்தத்தில் கட்டுவதால் வேறு சில பரம்பரை நோய்கள் கூடலாம், இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு 21-ஆம் குரோமோசோமின் துண்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வகை மட்டும் பெற்றோரிடமிருந்து வரலாம். குழந்தைக்கு அந்த வகை என்று தெரிந்தால்தான் அப்பா அம்மா இருவருக்கும் டெஸ்ட். என் அத்தை, அதாவது மாமியார், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப யாரையும் குத்தம் சொல்ல முடியாதாத்தா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வயதைப் பற்றியும் சொல்லவேண்டும். 20 வயதில் பெற்றால் சுமார் 1,500-இல் ஒன்று, 35-இல் 350-இல் ஒன்று, 40-இல் நூற்றில் ஒன்று. ஆனால் சின்ன வயதில் பெறுகிறவர்கள்தான் அதிகம் என்பதால், டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கிற குழந்தைகளில் நிறையப் பேரின் தாய்மார்கள் 35-ஐத் தாண்டாதவர்கள். "எனக்கு வயசு 24, எனக்கெதுக்கு" என்று யாரும் ஒதுங்க வேண்டாம்.

அடுத்து என்ன என்பதுதான் பெரிய கேள்வி. வழி இரண்டு. ஒன்று என்.ஐ.பி.டி.: தாயின் கை ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வைப் பார்ப்பது. பத்தாவது வாரத்திலிருந்தே எடுக்கலாம், குழந்தைக்கு ஆபத்தே இல்லை, டவுன் சிண்ட்ரோம் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைப் பிடித்துவிடும். விலைதான் ஆயிரக்கணக்கில் போகும். இதுவும் சல்லடைதான், முடிந்த முடிவு இல்லை. இதில் 'ஹை' வந்தாலும் அடுத்த வழிக்குத்தான் போகவேண்டும். அடுத்த வழி ஊசி. 11 முதல் 14 வாரத்துக்குள் என்றால் நஞ்சுக்கொடியிலிருந்து துளி சதை எடுப்பார்கள். 15 வாரத்துக்கு மேல் என்றால் பனிக்குட நீர். உறுதியான பதில் இதில்தான் கிடைக்கும். கரு கலையும் ஆபத்து, பழகின கை செய்தால், 200 பேரில் ஒருவருக்கும் குறைவு.

பிடரி நீர் 3.5 மில்லிமீட்டரையோ அதற்கு மேலோ தொட்டிருந்தால் பொதுவாக நேராக ஊசிக்கே போகச் சொல்வார்கள். என் ஸ்கேன் அப்படியில்லை, எது வேண்டுமானாலும் செய்யலாம் என்றார்கள். நான் ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். இன்னொரு 'இருக்கலாம்'-ஐத் தாங்குகிற தெம்பு எனக்கில்லை. பல வருஷம் காத்திருந்து உண்டான ஒருத்தி என்றால் அந்த 200-இல் ஒன்றைக்கூடத் துணியமாட்டாள்; அவளுக்கு என்.ஐ.பி.டி.தான் சரி. டாக்டரிடம் போகும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: பதில் 'ஆமாம்' என்று வந்தால் நான் என்ன செய்வேன்? எப்படியும் பெற்றுக்கொள்வேன் என்பது உங்கள் முடிவானால், எந்த ஊசியும் போடாமல் ஸ்கேனை மட்டும் பார்த்துக்கொண்டு போகிற உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஊசியைப் பற்றி வீட்டில் பயங்கரமாகப் பேசினார்கள். உண்மையில் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் வயிற்றின் மேலிருந்து கொஞ்சம் நீரை உறிஞ்சுகிறார்கள். சில நிமிஷ வேலை, சுருக்கென்று ஒரு வலி, பிறகு மாதவிலக்கு நேரத்துப் பிசைவு. மறுநாள் ஓய்வு. ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி கட்டாயம், அவர்கள் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். காய்ச்சலோ, நீர்க்கசிவோ, ரத்தப்போக்கோ இருந்தால் காத்திருக்காமல் போகவேண்டும். திருச்சியிலிருந்து கீரனூர் வழியாகத் திரும்புகிற ரோட்டில் காரை மெதுவாக ஓட்டச் சொன்னேன். அது என் பயம், மருத்துவம் இல்லை.

"குரோமோசோமையே பார்க்குறாங்களே, ஆணா பொண்ணான்னும் தெரிஞ்சிருமே?" என்று அத்தை ரகசியமாகக் கேட்டார். தெரியும், ஆனால் சொல்லமாட்டார்கள். 1994-ஆம் வருஷச் சட்டம் இந்த மாதிரிக் கோளாறுகளைப் பார்க்கப் பரிசோதனையை அனுமதிக்கிறது. பாலினத்தைச் சொல்வதைக் குற்றமாக்குகிறது. கையெழுத்து வாங்கும்போதே அதையும் எழுதித்தான் வாங்குகிறார்கள்.

அவசர ரிப்போர்ட் சில நாளில் வரும். செல்லை வளர்த்துப் பார்க்கிற முழு ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம். அந்த நாட்களில் யாரிடம் சொல்வது என்பதில் கறாராக இருங்கள். நான் அம்மாவிடமும் அத்தையிடமும் மட்டும் சொன்னேன், அத்தை வழியாகத்தான் தெருவுக்கே போனது!

ஒன்றை அழுத்தியே சொல்லவேண்டும். டபுள் மார்க்கர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கலைத்துவிடச் சொல்கிற உறவினர் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் என்னைப் போன்ற 142 பேரில் 141 பேர் நல்ல குழந்தையை இழந்திருப்போம். உறுதியான பதில் வந்த பிறகு முடிவெடுக்க நேரம் இருக்கிறது. 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்தும், 20 முதல் 24 வரை குறிப்பிட்ட காரணங்களுக்கு இரண்டு டாக்டர்கள் கருத்தும் போதும். குழந்தைக்குக் கடுமையான குறை என்றால் 24-க்கு மேல் மருத்துவக் குழு முடிவு செய்யும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து ஒன்றே சட்டத்துக்குப் போதும். கணவர் கையெழுத்தோ மாமனார் சம்மதமோ அந்தப் படிவத்தில் தேவையே இல்லை. கலைக்கச் சொல்லி அழுத்தம் வந்தாலும், கலைக்கக்கூடாது என்று அழுத்தம் வந்தாலும் இது ஞாபகம் இருக்கட்டும்.

பதில் 'ஆமாம்' என்று வந்து, பெற்றுக்கொள்வதென்று முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்கும் என்பதால், 20 வாரத்தை ஒட்டிக் கருவின் இதயத்துக்கென்று தனி எக்கோ பார்க்கவேண்டும். பிரசவத்தைப் பச்சைக் குழந்தை ஐ.சி.யூ. உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்ததும் தைராய்டு, காது, கண். பேச்சு, நடைப் பயிற்சிகளை முதல் வருஷத்திலேயே ஆரம்பிக்க, அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. உங்கள் ஊர் கிராம சுகாதார நர்ஸிடம் கேட்டால் வழி சொல்வார். சென்னையில் டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பைத் தொடங்கிய சுரேகா ராமச்சந்திரனே அப்படி ஒரு மகளின் தாய்தான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மறக்காமல் விண்ணப்பித்துவிடுங்கள். பிறகு எந்த உதவிக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.