நீரிழிவை முன்கூட்டியே கண்டறியுங்கள்

நீரிழிவு நோய் எந்த அறிகுறியும் காட்டாமல் பல ஆண்டுகள் உடலில் இருக்கலாம். அதற்குள் கண்களும் சிறுநீரகங்களும் கால் நரம்புகளும் பாதிக்கப்படலாம். “நான் நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டில் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. அதன்வழி வந்துள்ள உதவிகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

• 40 வயதைக் கடந்தவர்கள் 3 ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் சர்க்கரை அளவைப் பரிசோதிக்க வேண்டும். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த சிங்கப்பூரர்கள் இதற்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

• பானங்களில் நியூட்ரி-கிரேட் குறியீட்டைப் பாருங்கள். ‘டி’ என்றிருந்தால் சீனியோ நிறைவுற்ற கொழுப்போ மிக அதிகம் என்று பொருள். காப்பிக் கடையில் சீனியும் பாலும் இல்லாத ‘தே ஓ கொசோங்’ கேளுங்கள்.

நீரிழிவு ஏற்கெனவே உள்ளதா?

• மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

• ஆண்டுதோறும் கண், பாதம், சிறுநீரகப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

• பாதங்களில் புண் உள்ளதா என்று தினமும் பாருங்கள்.

• விரதம் இருப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். மருந்து எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்பது நினைவில்லையா? இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.