துருநோயை நெடுங்காலம் எதிர்க்கும் சூரியகாந்தி இனங்கள்

சூரியகாந்தியின் கீழிலைகளைப் புரட்டிப் பார்த்தால் சில வேளைகளிற் செங்கபில நிறமான சிறு கொப்புளங்கள் காணப்படும். விரலால் தொட்டால் துருப் போன்ற தூள் ஒட்டும். பக்சீனியா ஹெலியாந்தி என்னும் பங்கசினால் உண்டாகும் துருநோய் இதுவே. அத்தூள் முழுவதும் வித்திகளாகும். காற்று அவற்றைப் பரப்ப, பனி படிந்த ஈர இலையில் அவை முளைக்கின்றன.

கனடாவின் மனிற்றோபா மாகாணத்தில் புட், சக்ஸ்ரன் என்னும் இரு அறிஞர் இந்நோயை ஆராய்ந்து, அதனை எதிர்க்கும் ஆர்1, ஆர்2 என்னும் பரம்பரையலகுகளை 1963 இல் விளக்கினர். ஆயினும் ஒரே அலகை நம்பிய இனம் பரந்த நிலத்திற் பயிராகும்போது, அதனைத் தாக்கவல்ல அரிய பங்கசுப் பேதம் மட்டுமே அங்கு உணவு பெற்றுப் பெருகும். சில ஆண்டுகளில் இனத்தின் எதிர்ப்பு பயனற்றுப் போகும். அவுஸ்திரேலியாவில் மட்டும் 100 இற்கு மேற்பட்ட பேதங்கள் கண்டறியப்பட்டுள்ளன. நெற்செய்கையாளருக்கு இது புதிதன்று. 1973 இல் பிலிப்பைன்சில் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 26 கபிலத் தத்தியை எதிர்த்தது. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே புதிய தத்தி வகை அதனை வென்றது.

இதற்குப் பரிகாரமாக ஒரே செடியில் இரண்டு மூன்று அலகுகளைச் சேர்க்கின்றனர். அவை யாவற்றையும் ஒருங்கே வெல்லும் மாற்றம் பங்கசில் நிகழ்வது மிக அரிது. ஆனால் ஓர் அலகுள்ள செடியும் இரண்டு அலகுள்ள செடியும் வயலில் ஒன்றுபோலவே நோயின்றி நிற்கும். கண்ணாற் பிரித்தறிய இயலாது. ஆகையால் இப்போது மரபணுக் குறியீடுகளைக் கொண்டு தெரிவு செய்கின்றனர். அமெரிக்காவில் இம்முறையால் ஆர்2, ஆர்13ஏ என்னும் இரண்டையும் சேர்த்த செய்தி 2015 இல் வெளியாயிற்று. எனினும் அவ்வலகுகளைத் தனித்தனியே கொண்ட இனங்களும் அயலிற் பயிரானால், பங்கசு ஒவ்வொன்றாகப் பழகி ஈற்றில் இரண்டையும் வெல்லக்கூடும்.

மற்றொரு வகை எதிர்ப்பும் உண்டு. சில செடிகளில் துரு தோன்றும். ஆனால் கொப்புளங்கள் சிறியனவாயும் சிலவாயும் இருக்கும், அவை வெளிப்படவும் நாட்செல்லும். பல அலகுகள் சிறிது சிறிதாகத் துணைசெய்வதால் இவ்வெதிர்ப்பு எளிதில் முறிவதில்லை. புள்ளி கண்டவுடன் செடியைக் கழித்துவிடும் தெரிவாளர் இந்நற்குணத்தையும் சேர்த்தே இழக்கின்றார்.

நெல் தன்மகரந்தச் சேர்க்கையுடையதாதலின், நல்ல வயலில் விதைநெல் எடுத்து வைக்கலாம். சூரியகாந்திக் கலப்பினத்தில் அவ்வாறு செய்தலாகாது. அதன் விதையை மீண்டும் விதைத்தால் சேர்த்த அலகுகள் பிரிந்து போகும். தேனீக்கள் அயற் செடிகளின் மகரந்தத்தையும் கொணரும். போகந்தோறும் புதுவிதை பெறுதல் வேண்டும்.

கோதுமைத் தண்டுத்துருவுக்கு வாழ்க்கை வட்டம் நிறைவுற வேறொரு செடி தேவை. சூரியகாந்தித் துருவோ எல்லாப் பருவங்களையும் சூரியகாந்தியிலேயே கழிக்கும். எனவே அறுவடையின் பின் தானாக முளைக்கும் செடிகளை அடுத்த விதைப்புக்கு முன்னரே பிடுங்கி அழித்தல் வேண்டும்.