மீன் குளத்துப் படகுக்கு மின் மோட்டார்

ஏரியிலும் பெரிய குளத்திலும் மீன் வளர்க்கும் உழவர்களுக்குப் படகு இன்றியமையாதது. தவிடும் புண்ணாக்கும் கொண்டு செல்ல, சுண்ணாம்பு தெளிக்க, ஆகாயத்தாமரையை அகற்ற, இரவில் காவல் சுற்ற என எல்லாவற்றிற்கும் அது வேண்டும். துடுப்புப் போட்டே இவ்வளவையும் செய்வது கடினம். இவ்வேலைகளுக்கு, படகின் பின்பலகையில் பொருத்தக்கூடிய சிறிய மின் மோட்டாரைப் பயன்படுத்தலாம். இதில் புகை இல்லை. ஓசை மிகக் குறைவு. குளத்து நீரில் பெட்ரோலோ எண்ணெயோ கலப்பதில்லை. ஆனால் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் விலையுயர்ந்த பேட்டரி விரைவில் வீணாகும். காற்று வீசும் நாளில் நடு ஏரியில் படகு நின்றுவிடவும் கூடும். ஆகவே, வாங்குமுன் கீழ்க்கண்டவற்றை அறிந்துகொள்வது நன்று.

பழைய முறையே

மின்சாரத்தால் படகை ஓட்டுவது புதிய முயற்சியன்று. 1838-ல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் யாகோபி என்ற அறிவியலறிஞர் இவ்வாறு படகை ஓட்டிக் காட்டினார். 1881-ல் பாரிஸ் நகரில் துரூவே என்பவர், கழற்றி மாட்டக்கூடிய மின் மோட்டாரைப் படகில் பொருத்தி ஓட்டினார். ஜெர்மனியின் கோனிக்ஸே ஏரியில் 1909 முதல் மின் படகுகள் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், வைக்கம் படகுத்துறையிலிருந்து ‘ஆதித்யா’ என்ற சூரிய மின் படகு 2017-ல் ஓடத் தொடங்கியது.

யாருக்குத் தேவை?

அரை ஏக்கர், ஒரு ஏக்கர் பண்ணைக்குட்டைக்கு மோட்டார் தேவையில்லை. மூங்கில் கழியே போதும். நாள்தோறும் நெடுந்தூரம் சுமையுடன் சென்று வருவோர் மட்டுமே இதற்குச் செலவிடலாம். பரிசலுக்கு இது ஏற்றதன்று. பரிசல் வட்டமானது, நேராகச் செல்லாமல் சுழலும், மோட்டாரை மாட்டப் பின்பலகையும் இல்லை. மேலும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அது ஆக்ஸிஜன் குறைவின் அறிகுறி. அதற்குக் காற்றூட்டும் கருவியே வேண்டும்; படகு மோட்டாரை ஓட்டுவது ஈடாகாது.

எவ்வளவு திறன் வேண்டும்?

இம்மோட்டார்களின் திறனைக் குதிரைத்திறனில் அல்லாமல், தள்ளுவிசையாகப் பவுண்டு கணக்கில் குறிப்பது வழக்கம். மொத்த எடையில் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் குறைந்தது 4½ பவுண்டு தள்ளுவிசை வேண்டும். எடுத்துக்காட்டாக,

படகு – 150 கிலோ
ஆட்கள் இருவர் – 130 கிலோ
தீவன மூட்டைகள் இரண்டு – 100 கிலோ
பேட்டரியும் மோட்டாரும் – 40 கிலோ
மொத்தம் – 420 கிலோ

இதற்குச் சுமார் 19 பவுண்டு தள்ளுவிசை தேவை. இது காற்றில்லாத நேரத்துக் கணக்கு. எதிர்க்காற்றையும் கருதி இரு மடங்காக, அதாவது 40 பவுண்டு அளவில் வாங்குவது பாதுகாப்பானது.

எவ்வளவு நேரம் ஓடும்?

இந்த அளவுள்ள 12 வோல்ட் மோட்டார், முழு வேகத்தில் ஏறத்தாழ 40 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தால் இரண்டரை மணி நேரம் ஓடும் என்று எண்ணிவிடக்கூடாது. ஈய-அமில பேட்டரியின் கொள்ளளவில் பாதியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். அடிக்கடி அதற்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் வெகுவாகக் குறையும். எனவே முழு வேகத்தில் ஒரு மணி நேர ஓட்டம் என்றே கணக்கிடுக.

வேகத்தைக் குறைத்தால் பெரும் பயன் உண்டு. வேகம் பாதியானால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். முக்கால் வேகத்தில் சென்றாலே பாதிக்கும் குறைவான சக்தி போதும். ஆனால் சில மலிவான மோட்டார்கள், குறைந்த வேகத்தில் மிஞ்சும் மின்சாரத்தைச் சூடாக வீணாக்கும். வேகத்தைப் படிப்படியாக இன்றிச் சீராகக் கூட்டிக் குறைக்கும் மின்னணு வகையைக் கேட்டு வாங்குக.

பேட்டரித் தேர்வு

கார் பேட்டரி இதற்கு உதவாது. அது வண்டியைக் கிளப்பும் சில நொடிகளுக்காக மெல்லிய தகடுகளால் ஆனது. ஆழ்ந்து மின்னிறக்கம் தாங்கும் வகையே வேண்டும். படகு ஆடும்போது அமிலம் சிந்தாதிருக்க, மூடி முத்திரையிட்ட வகை சிறந்தது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஈய பேட்டரியின் எடையில் பாதியே இருக்கும். 80 விழுக்காடு வரை பயன்படுத்தலாம். விலை அதிகமாயினும் பல ஆண்டுகள் உழைக்கும். அதற்குரிய சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்.

ஈய பேட்டரியில் இருப்பை அறிய, ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வோல்ட்மீட்டரால் அளக்கவும். 12.7 வோல்ட் முழு இருப்பு, 12.1 வோல்ட் ஏறக்குறையப் பாதி இருப்பு. பாதி இறங்கிய பேட்டரியை நிரப்ப ஒரு யூனிட் மின்சாரத்திற்கு மேல் ஆகாது. மின் இணைப்பில்லாத இடங்களில் 200 வாட் சூரியத் தகடும் கட்டுப்படுத்தும் கருவியும் வைத்து, நல்ல வெயில் நாளில் இதனை நிரப்பிக்கொள்ளலாம்.

கம்பியும் ஃபியூசும்

வீட்டு வயரிங் கம்பியைப் பயன்படுத்துவது ஆபத்தானது. 2.5 சதுர மி.மீ. கம்பியில் 40 ஆம்பியர் சென்றால், 2 மீட்டர் தொலைவிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பாகும். கம்பியும் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். 16 சதுர மி.மீ. செம்புக் கம்பியே ஏற்றது. பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே 50 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்துக.

பராமரிப்பு

1. விசிறியின் மேல் நுனி நீர்மட்டத்திற்கு 15 செ.மீ. கீழே இருக்குமாறு பொருத்தவும். இல்லையெனில் காற்றை இழுத்து வீணே சுழலும்.

2. வேலம்பாசி, வலை நூல் ஆகியவை விசிறியில் சுற்றினால், பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின்னரே கை வைக்கவும். நூல் அச்சில் தங்கினால் நீர்த்தடுப்பு வளையத்தை அறுத்து, மோட்டாருக்குள் நீர் புகும்.

3. உவர்நீர் இறால் குட்டைக்கு, உவர்நீருக்கென்றே செய்த மோட்டாரை வாங்குக. ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவவும்.

4. ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு வெளியாகும். காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். அருகில் பீடி, சிகரெட் கூடாது.

உயிர்ப் பாதுகாப்பு

மோட்டார் இருந்தாலும் துடுப்பைக் கரையில் விட்டுச் செல்லாதீர்கள். படகில் ஏறும் ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும். வேலைக்குப் புறப்படும்போது முதலில் காற்றை எதிர்த்துச் செல்லுங்கள். பேட்டரி இறங்கியபின் திரும்புகையில் காற்றே படகைக் கரை சேர்க்கத் துணை செய்யும். பேட்டரியைப் படகின் நடுப்பகுதியில் தாழ்வாக வைத்து, அசையாதவாறு கட்டுக. பொது ஏரி, அணை நீர்த்தேக்கங்களில் உரிய துறையின் அனுமதி பெற்ற பின்னரே மோட்டாரைப் பயன்படுத்தவும்.

எனவே, முதலில் சுமையையும் செல்லும் தொலைவையும் கணக்கிட்டு, அதற்கேற்ற மோட்டாரையும் பேட்டரியையும் ஒன்றாகவே தேர்ந்தெடுங்கள். நிதானமான வேகத்தில் ஓட்டி, பாதி இருப்பு தீருமுன் கரை திரும்புங்கள். இவ்விரண்டையும் வழக்கமாகக் கொள்ளும் உழவர்களுக்கு இம்மோட்டார் பல்லாண்டு உழைத்து, ஆள் செலவையும் உடல் உழைப்பையும் குறைத்துத் தரும்.